பச்சை நோட்டும் வெள்ளைச் சீட்டும்

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 48 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒன்பது பக்கக் கடிதம். பெயரும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. இருந்திருந்தால் படித்த அன்றே அழைத்துப் பேசியிருப்பேன். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய கணவர் லாரி ஓட்டியவர், 2005-ல் இறந்தார். தனக்கும் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 2006 முதல் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் ஏ.ஆர்.டி., அதாவது எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து, எடுக்கிறார். முதலில் கொடுத்த மாத்திரையில் கன்னமும் கைகாலும் ஒட்டிப்போயின. 2014-ல் இரண்டாம் கட்ட மருந்துக்கு மாற்றினார்கள்: டெனோஃபோவிர், லாமிவுடின், கூடவே அடாசனாவிரும் ரிடோனாவிரும். கண் லேசாக மஞ்சளடித்தாற்போல் இருக்கிறது, வேறு தொந்தரவு இல்லை. கடந்த சில வருடமாக வைரல் லோடு பரிசோதனையில் 'டி.என்.டி.' என்றுதான் வருகிறது, அதாவது ரத்தத்தில் கிருமி தென்படவில்லை. சமையல் வேலைக்குப் போகிறார். ஒரு மகன், ஒரு மகள். இருவருக்கும் விஷயம் தெரியாது. தை பிறந்ததும் மகளுக்குக் கல்யாணம்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு காலை, பால் காய்ச்சும்போது வலது கையிலிருந்து கரண்டி நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தால் கை கேட்கவில்லை. மகனைக் கூப்பிட்டால் வாய் குழறியது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. 'வாயு பிடிச்சிருக்கும்' என்று மாமியார் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். மறுநாள் மகன் வற்புறுத்தி ஊரில் உள்ள தனியார் டாக்டரிடம் கூட்டிப்போனான். பி.பி. 170/100. டாக்டர் ஐந்து மாத்திரை எழுதினார். எச்.ஐ.வி. பற்றி இவர் சொல்லவில்லை. அந்த மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண் இவருடைய தெருக்காரர்.

பத்து நாள் எல்லா மாத்திரையும் சேர்த்து எடுத்தார். கால் வீங்கியது, எழுந்தால் தலை சுற்றியது, தொடைச் சதை வலித்தது. 'ரெண்டு மாத்திரையும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுதுன்னு தோணுச்சு. எச்.ஐ.வி.தான் டி.என்.டி. ஆகிடுச்சே, அதைக் கொஞ்ச நாள் விட்டா என்னன்னு பதினோரு நாளா நிறுத்திட்டேன்' என்று எழுதுகிறார்.

கேள்விகள்: இது ஏ.ஆர்.டி. மாத்திரையால் வந்ததா? அதை விட்டுவிடலாமா? டாக்டரிடம் மறைத்தது சட்டப்படி குற்றமா? நாளைக்கு இருதயத்தில் ஏதாவது வந்தால் எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஆபரேஷன் செய்வார்களா? கடைசி வரியில், 'மக கல்யாணத்தை நான் நின்னு பாப்பேனா டாக்டர்?'

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானது. அன்று காலை உங்களுக்கு வந்தது வாயு இல்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று சிறிது நேரம் அடைபட்டுத் தானாகத் திறந்திருக்கிறது என்றே உங்கள் விவரிப்பிலிருந்து தோன்றுகிறது. டாக்டர்கள் இதை 'டி.ஐ.ஏ.' என்போம், 'மினி ஸ்ட்ரோக்' என்றும் சொல்வதுண்டு. கை சரியாகிவிட்டதால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இப்படி ஒன்று வந்தபின் முழுப் பக்கவாதம் வரும் அபாயம் முதல் இரண்டு நாளில் மிக அதிகம், பிறகும் சுமார் மூன்று மாதம்வரை நீடிக்கும். முதல் மூன்று வாரத்தைக் கடந்துவிட்டீர்கள். மீதி நாட்களை இப்படிக் கடத்தக் கூடாது.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். 'சண்டை போடுது' என்று நீங்கள் கண்டுபிடித்தது சரி. நான் வியந்துபோனேன். கணிப்பு சரி, ஆனால் நிறுத்தியதுதான் தவறான மாத்திரையை.

எது எதோடு மோதுகிறது

ரிடோனாவிர் கொஞ்சம் விசேஷமான மருந்து. அடாசனாவிரைக் கல்லீரல் சீக்கிரம் உடைத்துவிடாமல் காவல் காப்பதுதான் அதன் வேலை. ஆனால் அந்தக் காவல் அடாசனாவிருக்கு மட்டும் என்று நிற்பதில்லை. அதே வழியில் உடையும் வேறு பல மருந்துகளும் உடையாமல் உடம்பில் தேங்கும். இன்னும் சில மருந்துகள் கல்லீரலில் மாறிய பிறகே வேலை செய்யும். அவை மாறாமலே நின்றுவிடும்.

உங்கள் சீட்டை இப்போது பாருங்கள். அம்லோடிபின் பி.பி. மாத்திரை. ரிடோனாவிரோடு சேரும்போது அதன் அளவு ரத்தத்தில் கூடும். கால் வீக்கமும் எழுந்தால் வந்த தலைச்சுற்றலும் அதனால் இருக்கலாம். அடோர்வாஸ்டாடின் கொழுப்பு மாத்திரை, 40 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். ரிடோனாவிர் எடுப்பவருக்கு அதைக் குறைந்த அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். தொடைச் சதை வலியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சிறுநீர் கறுத்துப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குளோபிடோகிரெல் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. அது கல்லீரலில் மாறினால்தான் பலன், ரிடோனாவிர் அந்த மாற்றத்தைக் குறைத்துவிடும். அப்படியானால் பக்கவாதத்தைத் தடுக்க என்று விழுங்கிய மாத்திரை பாதி வேலைகூடச் செய்யாமல் போயிருக்கலாம்.

நான்காவது, யாருமே சந்தேகப்படாத 'கேஸ் மாத்திரை'. பான்டோப்ரசோல். அடாசனாவிர் உடம்பில் ஏற வயிற்றில் அமிலம் வேண்டும். அதைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வதும் அது நன்றாக ஏறுவதற்குத்தான். அமிலத்தைக் குறைத்துவிட்டால் அடாசனாவிர் உள்ளே சரியாக ஏறாது. ஏற்கெனவே ஒரு முறை மருந்து மாற்றியவருக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. எத்தனையோ பேர் வாயு, நெஞ்செரிச்சல் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரை இது. உங்கள் டி.என்.டி.யை ஓசைப்படாமல் கெடுக்கக்கூடியது. ஐந்தில் ஆஸ்பிரின் மட்டும்தான் உங்கள் ஏ.ஆர்.டி.யோடு மோதாதது.

அந்த டாக்டர் மேல் தவறில்லை. டி.ஐ.ஏ. வந்தவருக்கு வழக்கமாக எழுதும் மருந்துகளைத்தான் எழுதியிருக்கிறார். உங்கள் மேலும் தவறில்லை. தெருக்காரப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது யாருக்குத்தான் வாய் வரும்? ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு காகிதங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கின்றன. ஏ.ஆர்.டி. மையம் கொடுத்த பச்சை நோட்டு ஒரு பீரோவில், தனியார் டாக்டரின் வெள்ளைச் சீட்டு அலமாரியில். இரண்டையும் ஒரே மேசையில், ஒரே டாக்டர் முன்னால் விரிக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதன் பிறகு பேசலாம்.

கிருமி அடங்கினாலும்

ஏ.ஆர்.டி. மாத்திரையால்தான் வந்ததா என்று கேட்கிறீர்கள். முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது, அதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது.

2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய காலத்தில் எங்கள் வார்டில் இருந்தவர்களுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காசநோய், மூளைக்காய்ச்சல், நிற்காத வயிற்றுப்போக்கு என்று வந்தார்கள். இருதயத்தைப் பற்றி யோசிக்க நேரமே இல்லை. இன்றைக்கு அதே நோயாளிகளுக்கு ஐம்பது வயது. பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இப்போது நான் அவர்களோடு பேசுவதெல்லாம் பி.பி., சர்க்கரை, கொழுப்பு பற்றித்தான். எனக்கு இதில் வருத்தத்தைவிட மகிழ்ச்சிதான் அதிகம். உயிரோடு இருப்பவருக்குத்தானே வயதாகும். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிட அதிகமாகவும், சற்று இளம் வயதிலேயும் வருகின்றன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஒரு கணக்கு, இருதய ரத்தக்குழாய் நோய் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றது.

காரணம் உங்களுக்குப் புரியும். அடுப்படியிலேயே வாழ்க்கை நடத்துபவர் நீங்கள். விறகடுப்பில் தீ அணைந்து சாம்பல் மூடிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு குச்சியை விட்டுக் கிளறினால் உள்ளே கங்கு சிவந்து கிடக்கும். டி.என்.டி. என்பது தீ அணைந்த நிலை. ஆனால் கிருமி உடம்பைவிட்டுப் போகவில்லை, நிணநீர்க் கட்டிகளில், குடல் சுவரில் ஒளிந்திருக்கிறது. அதை எதிர்க்கும் நம் தற்காப்பு அணுக்கள் இத்தனை வருடமும் ஓய்வில்லாமல் விழித்தே இருக்கின்றன. அந்த நீறுபூத்த நெருப்பின் சூடு ரத்தக்குழாயின் உள் தோலை மெல்ல மெல்லப் புண்ணாக்குகிறது. புண்ணான இடத்தில் கொழுப்பு படிகிறது. படிந்த கொழுப்பு ஒரு நாள் உடைந்தால், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. அது இருதயத்தில் நடந்தால் மாரடைப்பு, மூளையில் நடந்தால் பக்கவாதம்.

மருந்தின் பங்கும் உண்டு. உங்கள் கன்னத்தை ஒட்டவைத்தது ஸ்டாவுடின் என்ற பழைய மருந்தாக இருக்கும். கொழுப்பையும் சர்க்கரையையும் குலைத்துவிடும். இதுபோன்ற பக்கவிளைவுகளால் அதைக் கைவிட்டு வெகு காலமாகிறது. ரிடோனாவிர் சேர்ந்த மருந்துகளில் சிலவும் கொழுப்பைக் கூட்டும். அந்த வரிசையில் அடாசனாவிர் அவ்வளவு மோசமில்லை. கண்ணில் தெரியும் அந்த மஞ்சளும் பொதுவாக அந்த மருந்தால் வருவதுதான், கல்லீரல் கெட்டதால் அல்ல. ஆனாலும் அடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? அதையே ஒரு பெரிய ஆய்வில் பார்த்தார்கள். 33 நாடுகளில் 5,472 பேர். ஒரு பிரிவுக்கு ஏ.ஆர்.டி. தொடர்ந்து, இன்னொரு பிரிவுக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்போது இடையிடையே நிறுத்தி. மருந்துக்கு ஓய்வு கொடுத்தால் இருதயம், ஈரல், சிறுநீரகம் பிழைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. நிறுத்தியவர்களுக்குத்தான் இறப்பும் இருதய நோயும் அதிகம். ஆய்வைப் பாதியிலேயே மாற்ற வேண்டிவந்தது. முடிவு 2006-ல் வெளியானது, நீங்கள் முதல் மாத்திரை வாங்கிய அதே வருடம். தீ மறுபடி மூண்டால் ரத்தக்குழாய்க்கு அதைவிடக் கேடு வேறில்லை.

எனவே ஏ.ஆர்.டி.யை மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் அந்த ஐந்து மாத்திரைகளோடு நீங்களாகக் கலந்து தொடங்காதீர்கள். நாளைக் காலை மையத்துக்குப் போய், அவர்கள் சீட்டைத் திருத்திக் கொடுத்ததும் தொடங்குங்கள். ஒரு ராத்திரியில் எதுவும் கெட்டுவிடாது. போக முடியாமல் எது தடுத்தாலும் பச்சை நோட்டில் மையத்தின் எண் இருக்கும், பேசிவிடுங்கள். அதுவரை ஆஸ்பிரினை நிறுத்த வேண்டாம். பதினோரு நாள் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்ற பயம் வேண்டாம். சொல்லவில்லை என்றால், அடுத்த வைரல் லோடு கூடி வரும்போது மருந்தே வேலை செய்யவில்லை என்று தப்புக்கணக்குப் போட்டுவிடுவார்கள்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

அதே தனியார் டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொல்வது முதல் வழி. 'டாக்டர், நான் ஏ.ஆர்.டி. எடுக்கிறேன். இதை நோட்டில் வெளிப்படையாக எழுத வேண்டாம், உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்' என்று சொல்லலாம். நல்ல டாக்டர் என்றால் புரிந்துகொள்வார். ஆனால் உங்கள் தெருக்காரப் பெண் வேலை செய்யும் இடம் அது. உங்களுக்கு அங்கே மன நிம்மதி இருக்காது என்று நினைக்கிறேன்.

யாரிடமும் சொல்லாமல், வெள்ளைச் சீட்டை மட்டும் ஏ.ஆர்.டி. மையத்தில் காட்டித் திருத்தி வாங்குவது இரண்டாவது வழி. மாத்திரைச் சண்டை தீரும். ஆனால் மூளைக்கு ஸ்கேன், கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர், இ.சி.ஜி., எக்கோ என்று பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. அவற்றை யார் பார்ப்பார்கள்?

நான் சொல்வது மூன்றாவது வழியை. ஏ.ஆர்.டி. மையம் உள்ள அரசு மருத்துவமனையிலேயே முழுச் சிகிச்சையும் எடுங்கள். அது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் நரம்பியல் பிரிவும் அங்கேயே இருக்கும். இல்லையென்றால் எங்கே போக வேண்டும் என்று மைய மருத்துவர் எழுதிக் கொடுப்பார். தினமும் ஆயிரம் பேர் வந்துபோகும் இடத்தில் உங்களை யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை. சின்ன ஊரின் சின்ன மருத்துவமனையைவிடப் பெரிய ஆஸ்பத்திரியின் கூட்டத்தில்தான் ரகசியம் பத்திரமாக இருக்கும், இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். குறை என்னவென்றால் அலைச்சலும் காத்திருப்பும். இரண்டு நாள் வேலைக்கு விடுப்பு போட வேண்டிவரும். போடுங்கள்.

அங்கே கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணு எண்ணிக்கை, வைரல் லோடு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, சிறுநீரகம். சிபிலிஸ் எனும் மேகநோய்க்கான பரிசோதனையும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம், அதுவும் மூளையின் ரத்தக்குழாயைக் கெடுக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால் காசநோய்க் கிருமியும் மூளைக்குப் போய் இதே போன்ற அறிகுறி காட்டும் என்பதால் ஸ்கேனைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

முக்கியமாக இன்னொரு கேள்வி: 'அடாசனாவிருக்குப் பதில் டோலுடெக்ராவிர் எனக்குக் கொடுக்கலாமா?' இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கும் மருந்து அது. அம்லோடிபின், அடோர்வாஸ்டாடின், குளோபிடோகிரெல், பான்டோப்ரசோல் எதோடும் அதற்குச் சண்டை இல்லை. சிலருக்கு எடை கூடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை அதோடு வெறும் வயிற்றில் சேர்க்கக் கூடாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் தேவைப்பட்டால் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை மருந்து மாற்றியவர். பழைய மருந்துகளுக்குக் கிருமி பழகிவிட்டதா என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள், தேவைப்பட்டால் மாநில வல்லுநர் குழுவின் கருத்தும் கேட்பார்கள். 'மாற்றிக் கொடுங்கள்' என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம், 'மாற்ற முடியுமா' என்று கேட்காமலும் வந்துவிட வேண்டாம்.

கொழுப்பு மாத்திரை வாழ்நாள் முழுக்கவா என்று கடித ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆம், அநேகமாக. உங்களைப் போல் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரில், இந்தியா உட்பட 12 நாடுகளில், ஒரு பாதிக்குப் பிடாவாஸ்டாடின் என்ற ஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரையையும், மறு பாதிக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். 40 முதல் 75 வயதுவரை உள்ளவர்கள், அதுவரை இருதய நோய் வராதவர்கள், அபாயமும் பெரிதாக இல்லாதவர்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பிடாவாஸ்டாடின் எடுத்தவர்களுக்கு 35 சதவீதம் குறைந்தன என்று 2023-ல் தெரிந்தது. ஒன்றும் வராதவர்களுக்கே அந்தப் பலன். உங்களுக்கு ஏற்கெனவே மணி அடித்துவிட்டது. எந்த ஸ்டாடின், எவ்வளவு என்பதுதான் பேச வேண்டியது, வேண்டுமா வேண்டாமா என்பதல்ல.

பி.பி.தான் பக்கவாதத்துக்கு முதல் காரணம். 130/80-க்குக் கீழே வர வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பி.பி. பார்த்து மாத்திரை தருவார். அதற்காக அவரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று மைய மருத்துவர் எழுதியதை மட்டும் காட்டினால் போதும்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் கடக்க மாட்டேன். பீடி, சிகரெட் மட்டும்தான் கெடுதல் என்று பெண்கள் பலர் நினைக்கிறார்கள். வாயில் அடக்கும் புகையிலையும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் சாகும் அபாயத்தைக் கூட்டும். கணவர் போன பிறகு ராத்திரி தூக்கத்துக்காக ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடத் துணையை ஒரு நாளில் விடச் சொல்வது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. மையத்தின் ஆலோசகரிடம் இதையும் பேசுங்கள். விட முடியும், உதவியோடு.

சட்டம் உங்களுக்கு எதிரி அல்ல

மறைத்தது குற்றமா என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்கள் நிலையை வெளியில் சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அது. டாக்டரிடம் சொல்லச் சொல்வது சட்டத்துக்குப் பயந்து அல்ல, உங்கள் உடம்புக்காக. அப்படிச் சொன்னதை உங்கள் சிகிச்சையில் பங்குள்ள மருத்துவர்கள் தேவைக்கேற்பப் பகிரலாம். அதைத் தாண்டி உங்கள் சம்மதம் இல்லாமல் ஊருக்குச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காகச் சிகிச்சையை மறுப்பதும், வேலையைவிட்டு நீக்குவதும் அந்தச் சட்டம் தடுக்கும் பாகுபாடு. சமையலால் எச்.ஐ.வி. பரவாது, உங்கள் வேலைக்கு அதைக் காரணம் காட்ட முடியாது. மருத்துவமனை மறுத்தால் முதலில் அங்குள்ள புகார் அலுவலரிடம், அதற்கு மேல் ஓம்பட்ஸ்மேன் எனும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் உத்தரவிட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எங்கே, எப்படி என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேளுங்கள், பெயர் சொல்லாமலும் பேசலாம்.

காகிதத்தில் இருப்பதெல்லாம் எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் 'எச்.ஐ.வி. இருந்தால் ஆஞ்சியோ செய்ய மாட்டார்கள்' என்று உங்களிடம் சொன்னவர் பழைய கதையைச் சொல்லியிருக்கிறார். ஸ்டென்ட் வைக்கிறோம், பைபாஸ் செய்கிறோம். பக்கவாதத்துக்கு உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி போடவும் எச்.ஐ.வி. ஒரு தடை இல்லை.

மகனிடம் என்ன சொல்வது

இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. எச்.ஐ.வி. பற்றிப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் எதை, எப்போது என்பதை உங்களைவிட நன்றாக யாரும் அறிய மாட்டார்கள். ஆனால் பக்கவாதம் பற்றி மகனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அது வந்தால் அதை உங்களால் சொல்ல முடியாது, வாய் குழறிவிடும்.

அவனிடம் சொல்லுங்கள்: 'அம்மா முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வரவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-க்குப் போன் பண்ணு. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று பார்த்து வை. ஸ்கேன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.' உறைவைக் கரைக்கும் ஊசிக்கு முதல் நாலரை மணி நேரம்தான் கெடு, சீக்கிரம் போகப் போகப் பலன் அதிகம். கஷாயம், காபி, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வீட்டில் இருக்கிறதே என்று ஆஸ்பிரினும் கொடுக்கக் கூடாது. பக்கவாதம் அடைப்பால் மட்டுமல்ல, ரத்தக் கசிவாலும் வரும். ஸ்கேன் பார்க்காமல் எது என்று தெரியாது. நெஞ்சுவலி வேறு. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

ஒரு சின்ன யோசனை. நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தின் பெயரையும் மைய மருத்துவரிடமே ஒரு தாளில் எழுதி வாங்கி, ஒட்டிய உறையில் போட்டுக்கொள்ளுங்கள். 'அவசரம் என்றால் டாக்டரிடம் இதைப் பிரிக்காமல் கொடு' என்று மகனிடம் சொல்லி வையுங்கள். பிரித்துப் பார்ப்பானோ என்று பயமாக இருக்கும். பார்க்கலாம். பார்த்தால், இருபது வருடம் ஒற்றை ஆளாய்ச் சுமந்ததைப் பற்றி அவன் என்ன நினைப்பான் என்பதை நீங்கள் இப்போதே மோசமாக முடிவு செய்துவிட வேண்டாம்.

மகள் கல்யாணத்தை நின்று பார்ப்பேனா என்று கேட்டீர்கள். அதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2006-ல் உங்களுக்கு இருந்ததைவிட இன்றைக்கு வாய்ப்பு மிக அதிகம். நான் முதலில் சொன்ன அந்த மூன்று மாதக் கெடு ஏறக்குறைய தை மாதத்தில்தான் முடிகிறது. அதற்குள் பி.பி. இறங்க வேண்டும், மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். பத்திரிகை கொடுக்கக் கிளம்புவது அதற்கப்புறம்.

அரசு ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்கெல்லாம் புறநோயாளிச் சீட்டுக்கு வரிசை நின்றுவிடும். பச்சை நோட்டு, வெள்ளைச் சீட்டு, கையில் மீதி இருக்கும் மாத்திரை அட்டைகள், மூன்றையும் இன்றிரவே ஒரே பையில் எடுத்து வைத்துவிடுங்கள்.